சாட்டை சுற்றிப் பம்பரம் விடுவது எப்படி?

கடந்த கோடை விடுமுறையில் என் மகன், "அப்பா, உங்களுக்குப் பம்பரம் விடத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்று உறுதியாகச் சொன்னேன். மறுநாளே பம்பரமும் சாட்டையும் வாங்கிவந்து, வாசலில் நின்று வீசினேன். பம்பரம் சுற்றாமல் பக்கவாட்டில் விழுந்து உருண்டோடியது. அன்று இருட்டும்வரை முயன்றும் ஒருமுறைகூட அது ஆணியில் நிற்கவில்லை. ஏழாம் வகுப்போடு விட்டுப்போன பழக்கத்தை மீட்க எனக்குப் பதினொரு நாள்கள் ஆயின.

எங்கள் சிறுவயதில் யாரும் இதைப் படிப்படியாகச் சொல்லித்தந்ததில்லை. தெருவில் மூத்த பையன்கள் விடுவதைப் பார்த்துப் பார்த்தே கை பழகிக்கொண்டது. அப்படி நின்று பார்ப்பதற்கு என் மகனுக்கு இன்று தெருவில் எவரும் இல்லை. பார்த்துக் கற்ற ஒன்றைச் சொற்களில் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

படி 1: பம்பரமும் ஆணியும்

கடைசல் பிடித்த மரப் பம்பரத்தையே வாங்குங்கள். பிளாஸ்டிக் பம்பரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் அது உள்ளே கூடாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், எவ்வளவு சரியாக வீசினாலும் வேகம் விரைவில் அடங்கிவிடும். எடை போதுமான அளவு இருந்து, அதில் பெரும்பகுதி அச்சிலிருந்து விலகி வயிற்றுப் பகுதியில் இருந்தால்தான் சுழற்சி நீண்ட நேரம் நிலைக்கும். சிறுவர்களின் கைக்கு 5 முதல் 6 செ.மீ. வரை உயரம் உள்ள பம்பரம் பொருத்தமாக இருக்கும்.

வாங்கும்போதே ஆணி நடுவில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தலையை விரல் நுனிகளால் பிடித்து மெதுவாகத் திருப்பினால், ஆணியின் முனை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சின்ன வட்டம் போட்டால் அந்தப் பம்பரம் வேண்டாம். பிறகு, கூர்மையான முனையை அரத்தால் சற்றே மழுக்கிவிடுங்கள். சிறுவயதில் நாங்கள் இதற்கு நேர்மாறாக, அடுத்தவர் பம்பரத்தில் ஆக்கர் வைப்பதற்காக, அதாவது ஆணியால் குத்திப் பள்ளம் போடுவதற்காக, கல்லில் தேய்த்துக் கூராக்குவோம். கற்றுக்கொள்பவருக்கு மழுங்கிய முனையே உதவும். சாய்ந்து இறங்கிய பம்பரம் தானாக நிமிர்வதற்குக் காரணம், உருண்டையான முனை தரையில் வழுக்கும்போது ஏற்படும் உராய்வுதான். ஊசிபோன்ற முனையில் அந்த நிமிர்வு அநேகமாகக் கிடைப்பதில்லை.

படி 2: சாட்டை

2 முதல் 3 மி.மீ. வரை தடிமன் உள்ள முறுக்கிய பருத்திக் கயிறு போதும். நீளம் ஒன்றேகால் மீட்டர் அளவில் இருக்கட்டும். நைலான் கயிறு வழவழப்பானது என்பதால் சுற்றுகள் நழுவும். புதுக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பிறகே நான் பயன்படுத்துகிறேன். அதன் பிறகு அது கையில் முறுக்கிக்கொள்வதில்லை. ஒரு முனையில் நடுவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு வளையம் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு மட்டும் வேண்டாம், விரலை அறுத்துவிடும்.

படி 3: சுற்றுதல்

எனக்கு முதல் ஐந்து நாள்கள் வீணானது இந்த இடத்தில்தான். ஆகவே இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பம்பரத்தை இடக்கையில், ஆணி மேலே பார்க்கும்படி பிடியுங்கள். சாட்டையின் வளையம் இல்லாத நுனியைப் பம்பரத்தின் சரிவில் வைத்து இடக்கைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, கயிற்றை மேலே ஆணியின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். அங்கே, ஆணியும் மரமும் சேரும் இடத்தை ஒட்டி, முழுதாக ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஆணியிலிருந்து வயிற்றை நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒன்றை ஒன்று ஒட்டியபடி, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பெருவிரலால் அழுத்தியிருந்த நுனியின்மேல் இந்தச் சுற்றுகள் படிந்து, அதை நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆணியில் போடும் அந்த ஒற்றைச் சுற்றை நான் மறந்துபோயிருந்தேன். நேராக மரத்தின் சரிவில் தொடங்கிச் சுற்றியதால், வீசும்போது கயிறு மொத்தமாகக் கழன்று விழுந்தது. அந்தச் சுற்றைப் போடத் தொடங்கிய பிறகும் அது சில சமயம் தளர்ந்தது. அப்போதுதான் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. மூத்த பையன்கள் சுற்றுவதற்கு முன்னால் சாட்டை நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்குவார்கள். ஏதோ பாவனை என்று எண்ணி நாங்களும் அப்படியே செய்வோம். உண்மையில் ஈரமான பருத்தி நூல் உப்பி, ஆணியை இறுகப் பற்றிக்கொள்கிறது. நுனியில் நான்கு விரற்கடை நீளத்துக்குத் தண்ணீர் தொட்டுத் தடவினேன். அன்றிலிருந்து முதல் சுற்று தளரவே இல்லை.

பம்பரத்தின் அகன்ற பகுதியை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். வளையத்துக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையில் ஒரு சாண் கயிறு மீதம் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக மிஞ்சினால் கயிற்றை வெட்டிக் குறையுங்கள். மேலும் மேலும் சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

படி 4: வீசுதல்

வளையத்தை வலக்கை நடுவிரலில் மாட்டுங்கள். பெருவிரல் தலையிலும், சுட்டுவிரலும் நடுவிரலும் ஆணியை ஒட்டிய பகுதியிலும் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஆணியை மேலே வைத்துத் தலைக்கு மேலிருந்து ஓங்கி வீசும் முறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் பம்பரம் காற்றிலேயே குப்புறத் திரும்பி இறங்க வேண்டும். முதல் வாரத்தில் அதைத் தொடாதீர்கள். ஆணி கீழே பார்க்க, இடுப்பு உயரத்திலிருந்து, காலுக்கு ஒரு மீட்டர் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைத்து வீசுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

வீச்சு என்பது பம்பரத்தை எறிவதோடு முடிவதில்லை. எறிந்த கையும் பம்பரத்தோடு முன்னே போய்விட்டால் கயிறு தளர்ந்து, சுழற்சி கிடைக்காமல் போகும். கை முன்னே பாதி தூரம் போனதும் நிற்க வேண்டும். கடைசிச் சுற்றுகள் அவிழ்வது விரலில் தெரியும் அந்த நொடியில், மணிக்கட்டால் வெடுக்கென்று பின்னுக்கு இழுக்க வேண்டும். இதைத் தரையில் பழகுவதைவிட, நான்காக மடித்த கோணிச்சாக்கின்மேல் வீசிப் பழகுவது நல்லது. பம்பரம் நிற்கிறதா என்ற கவலை இல்லாமல், கையைவிட்டுப் போகும்போது அது சுழல்கிறதா என்பதை மட்டும் கவனிக்கலாம். என் மகன் இருபது முறை சாக்கில் வீசிய பிறகு தரைக்கு வந்தான். மூன்றாவது வீச்சில் அவன் பம்பரம் நின்றது.

படி 5: தூங்க விடுதல், கையில் ஏந்துதல்

நன்றாக விடப்பட்ட பம்பரம் முதலில் தள்ளாடி, பிறகு நிமிர்ந்து, அசைவே இல்லாததுபோல் ஒரே இடத்தில் நிற்கும். அதைத்தான் "தூங்குது" என்போம். அருகில் குனிந்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். தலையில் உள்ள அரக்கு வளையங்கள் சுழலாமல் அப்படியே நிற்பதுபோல் தெரியும். வேகம் குறைந்ததும் தலை ஆடத் தொடங்கும். சாய்ந்த பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்க, சுழற்சியின் காரணமாக அது விழாமல், அதன் அச்சே வட்டமாகச் சுற்றிவருகிறது. நம் பூமியின் அச்சும் இவ்வாறே ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலையாட்டி முடிக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்வதற்கு இந்த நிமிடத்தைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

கையில் ஏந்த, சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்து, ஆணி நடுவில் வரும்படி தரையோடு தரையாகக் கையை நகர்த்தி, சட்டென்று மேலே தூக்க வேண்டும். சாட்டையால் கொக்கிபோட்டுத் தூக்கிப் பிடிக்கும் அபீட் இதற்கு அடுத்த நிலை. வட்டம் போட்டு ஆடிய எங்கள் ஆட்டத்தில், அபீட் எடுக்கக் கடைசியாக நின்றவனின் பம்பரம்தான் வட்டத்துக்குள் போகும். அபீட்டுக்குத் தனிப் பதிவு தேவைப்படும்.

பிற்சேர்க்கை

டைல்ஸ் தரையில் பம்பரம் வழுக்கி ஓடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். டைல்ஸ் வேண்டாம், அதில் கீறலும் விழும். சொரசொரப்பான சிமெண்டுத் தளமோ கெட்டியான மண்தரையோ வேண்டும்.

இரண்டாவது கேள்வி, நான் எழுதும்போது எண்ணிப்பார்க்காத ஒன்று. எல்லாம் சொன்னபடி செய்தும் தன் மகளுக்குப் பம்பரம் கோணலாகவே போகிறது என்றும், அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்றும் ஒரு வாசகர் எழுதினார். இடக்கையால் வீசுபவர்கள் சாட்டையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் கை மாற்றி அப்படியே. மறுநாளே அந்தப் பெண்ணுக்குப் பம்பரம் நின்றுவிட்டதாகப் பதில் வந்தது.

அதைப் படித்தபோது எங்கள் தெருவில் இருந்த ஒரு நண்பனின் நினைவு வந்தது. அவனுக்குப் பம்பரம் வரவே வராது என்று நாங்கள் முடிவு கட்டி, வட்டம் போடுவதற்கும் பம்பரங்களைப் பார்த்துக்கொள்வதற்கும் அவனைத் திண்ணையில் உட்காரவைத்திருந்தோம். அவன் கரியால் வட்டம் போட்டது இடக்கையால்தான்.