இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தின் விளைவை ஈர்ப்பு மாதிரியில் அளப்பது எப்படி?

2000 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியா–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வர்த்தகத்தைக் கூட்டியதா? இரு நாட்டுக் கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. ஒப்பந்தம் இல்லாமலே வர்த்தகம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரிய, உலக நாடுகள் அனைத்தின் தரவும் வேண்டும். நாடுகளின் பொருளாதார அளவையும் இடையிலுள்ள தூரத்தையும் வைத்து வர்த்தகத்தைக் கணிக்கும் ஈர்ப்பு மாதிரி இதற்கு உதவும்.

நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தைப் பொருள்வாரியாகத் தரும் 'பாச்சி' (BACI) தரவுத்தளத்தில் 1995 முதல் தரவு கிடைக்கிறது. மதிப்புகள் ஆயிரம் டாலரில் இருக்கும். பொருள்வாரியான தரவு வரிசைகளை ஏற்றுமதி நாடு, இறக்குமதி நாடு, ஆண்டு என்று கூட்டிக்கொள்ளுங்கள். வர்த்தகம் நடந்த வரிசைகள்தான் அதில் இருக்கும் என்பதால், எல்லா நாட்டு இணைகளுக்கும் வரிசை உருவாக்கி விடுபட்டவற்றில் சுழியம் இடுங்கள். அந்த ஆண்டில் இல்லாத நாட்டுக்கு மட்டும் சுழியம் கூடாது: 2011-க்கு முந்தைய தெற்கு சூடானை நீக்கிவிட வேண்டும். விலைவாசிக் குறியீட்டால் வகுக்காதீர்கள். இரு திசை வர்த்தகத்தையும் ஒன்றாகச் சேர்க்கவும் வேண்டாம்.

அடுத்ததுதான் பலர் சறுக்கும் இடம். லாக் (மடக்கை) எடுத்துச் சாதாரண ரெக்ரஷன் ஓட்டினால், சுழியத்துக்கு லாக் இல்லை என்பதால் சுழியங்கள் உதிர்ந்துவிடும். பொருளியலாளர்கள் சாண்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 18,360 இணைகளில் 9,613-இல்தான் வர்த்தகம் இருந்தது. 1 கூட்டி லாக் எடுப்பதும் வழியல்ல. ஐந்து லட்சம் டாலர் வர்த்தகத்துக்கும் சுழியத்துக்கும் உள்ள இடைவெளி டாலரில் கணக்கிட்டால் 13.1, ஆயிரம் டாலரில் கணக்கிட்டால் 6.2. அலகை மாற்றினாலே விடை மாறும் முறையை நம்ப முடியாது. சுழியமே இல்லாவிட்டாலும் சிக்கல் தீராது: பிழையின் சிதறல் தூரத்தோடும் நாட்டின் அளவோடும் மாறும்போது, லாக் எடுத்த மதிப்பீடு சாய்ந்துவிடும். ஆகவே வர்த்தக மதிப்பை அப்படியே வைத்து, பாய்சான் போலி உச்ச நிகழ்தகவு (PPML) முறையில் மதிப்பிடுங்கள். தரவு பாய்சான் பரவலில் இருக்க வேண்டியதில்லை. சராசரியின் வடிவம் சரியாக இருந்தால் போதும். ஆர் மென்பொருளில் ஃபிக்ஸ்எஸ்ட் (fixest) தொகுப்பின் ஃபெபாய்ஸ் (fepois) கட்டளை இதைச் செய்யும்.

மூன்று வகை நிலை விளைவுகள் (ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி மாறிலி) சேர்க்க வேண்டும்: ஏற்றுமதி நாடு–ஆண்டு, இறக்குமதி நாடு–ஆண்டு, திசையோடு கூடிய நாட்டு இணை. முதல் இரண்டும் ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளோடும் வர்த்தகம் செய்வதில் சந்திக்கும் மொத்தத் தடையை உள்வாங்கும்; ஜிடிபியும் அதோடு போய்விடும். மூன்றாவது தூரத்தையும் மொழியையும் விழுங்கிவிடும். இவற்றின் குணகங்கள் (விளைவின் அளவைக் காட்டும் எண்கள்) காணாமல் போவதும், எல்லா ஆண்டும் சுழியமான இணைகள் விலகுவதும் இயல்பே.

ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்றிருக்கும் ஒப்பந்த மாறியைத் திசைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரிக் குறைப்பை இந்தியா 2003-இலும் இலங்கை 2008-இலும் முடித்ததால், 2000–02, 2003–07, 2008-க்குப் பின் என மூன்று காலங்களாகவும் வையுங்கள். பிற ஒப்பந்தங்களுக்குத் தனி மாறி வேண்டும். ஆனால் 1975 பாங்காக் வர்த்தகச் சலுகை உடன்படிக்கையில் இரு நாடுகளும் உறுப்பினர் என்பதால், ஆயத்தத் தரவில் உள்ள 'வர்த்தக ஒப்பந்தம்' பத்தி 2000-க்கு முன்பே 1 என்று காட்டலாம். இந்தியா–இலங்கை இணையின் தரவு வரிசைகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்த மாறியின் குணகம் 0.5 வந்தால் உயர்வு 50 சதவீதம் அல்ல, 65 சதவீதம் (e^0.5 − 1). குணகத்தின் பிழை அளவை (standard error) இணைவாரியாகத் தொகுப்பது வழக்கம். ஆனால் நமக்கு வேண்டிய மாறி ஒரே இணையில் மட்டும் இருப்பதால், அப்படி வரும் பிழை அளவு பொய்யாகச் சிறுத்திருக்கும். ஒப்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான இணைகளுக்கு 2000-இல் ஒப்பந்தம் வந்ததுபோல ஒவ்வொன்றாக ஓட்டி, அந்தக் குணகங்களின் பரவலில் நம்முடையது எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் திசையில் குணகம் பெரிதாக இருந்தால் உடனே மகிழ வேண்டாம். இந்தியாவின் உயர்ந்த இறக்குமதி வரியைத் தவிர்க்க, பாமாயிலை இலங்கையில் வனஸ்பதியாக்கி அனுப்பினார்கள். செம்பும் அப்படியே வந்தது. 2000-களின் முற்பகுதியில் எகிறிய இந்த இரண்டும் பிறகு சரிந்தன. கூட்டுவதற்கு முன் எச்.எஸ். எனும் சரக்கு வகைப்பாட்டின் 15 (எண்ணெய், கொழுப்பு), 74 (செம்பு) அத்தியாயங்களை நீக்கி மாதிரியை மறுபடி ஓட்டி, இரண்டு விடைகளையும் அருகருகே வெளியிடுங்கள்.