வெள்ளிக் காசா, முலாமா? வீட்டிலேயே அடர்த்தி பார்க்கும் முறை

பழைய வெள்ளியை மாற்ற மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்குக் கிளம்பும் முன், கையில் இருப்பது வெள்ளிதானா என்று ஒரு கப் தண்ணீரை வைத்தே பார்த்துவிடலாம்.

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். 1 கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. தராசு 200 கிராம் வரைதான் தாங்கும் என்றால் கண்ணாடி டம்ளரைத் தவிர்த்து லேசான பிளாஸ்டிக் கப் எடுங்கள். கட்டுவதற்கு மெல்லிய தங்கூசி நரம்பு (நைலான் இழை) நல்லது; பூக்கட்டும் நூல் தண்ணீரைக் குடித்துவிடும்.

ஃபேனை நிறுத்துங்கள், 0.01 கிராம் தராசுக்கு அந்தக் காற்றே போதும் ஆட்டம் காட்ட. காசைத் துடைத்து நிறை பாருங்கள்: 20.00 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் கப் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்தி 0.00 ஆக்குங்கள். காசை நரம்பில் கட்டி முழுக்க மூழ்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. கை ஆடும் என்பதால் இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதில் கட்டுவது உத்தமம்.

தண்ணீர் காசை மேலே தள்ளுகிறது. அதே விசையோடு காசு தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. தராசு காட்டுவது அந்த அழுத்தத்தை, அதாவது காசு விலக்கிய தண்ணீரின் அளவை. 1.90 காட்டினால் 20.00 ÷ 1.90 = 10.53. நம்மூர் வெக்கையில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும், அதனால் 0.996ஆல் பெருக்குங்கள்: 10.48. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. போர் தண்ணீரின் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1000 இருந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது.

இதே 20 கிராம் பித்தளை என்றால் 2.34 அருகே காட்டும், ஸ்டீல் 2.52, ஈயம் 1.76. 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 1.92தான், சுத்த வெள்ளிக்கும் அதற்கும் உள்ள 0.02 வித்தியாசத்தை இந்தத் தராசை நம்பித் தீர்மானிக்காதீர்கள்.

அளவு திடீரென எகிறினால் காசு அடியில் உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் மட்டும் கூடினால் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும், நல்ல வெள்ளியும் போலி போலத் தெரியும். நரம்பைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அரைஞாண் கொடியின் கண்ணிகளில் இந்தத் தொல்லை அதிகம். முத்து வைத்த கொலுசுக்கும் உள்ளே பொள்ளலான காப்புக்கும் இந்தச் சோதனையே வேண்டாம்.

இன்னொன்று. கிராம் என்று காட்டினாலும் எலக்ட்ரானிக் தராசு உணர்வது எடையைத்தான். மதுரையில் சரிசெய்த தராசைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால், 1 கிலோவுக்குச் சுமார் அரை கிராம் குறைத்துக் காட்டும். பொருளின் நிறை அப்படியேதான் இருக்கும். அடர்த்திக்கு இது இடைஞ்சல் இல்லை. இரண்டு அளவும் ஒரே இடத்தில், ஒரே தராசில் எடுப்பதால் வகுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுவிடும்.

விடை 9க்குக் கீழே வந்தால் அது வெள்ளி இல்லை என்று அடித்துச் சொல்லலாம். 10.4 வந்தால் மட்டும் வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். ஈயத்தையும் பித்தளையையும் சேர்த்து அந்த எண்ணைக் கொண்டுவர முடியும். அதற்குக் கடையில், எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.