பாத்தாம், பிந்தான்: சிங்கப்பூரிலிருந்து எந்தப் படகில் போவது?

இந்தோனேசியத் தீவுகளான பாத்தாமுக்கும் பிந்தானுக்கும் படகு டிக்கெட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். படகு நிறுவனங்களுக்கு இடையே விலை அவ்வளவாக மாறுவதில்லை. தவறான துறையில் இறங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்சிக்கே போய்விடும். இரவு எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துறையை அதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

பாத்தாமில் கடைகளும் சாப்பாடும்தான் நோக்கம் என்றால் ஹார்பர் பே துறை வசதி. கடைவீதிப் பகுதியான நகோயா பக்கத்திலேயே இருக்கிறது. பாத்தாம் சென்டரில் இறங்கினால் எதிரே மெகா மால், நடைபாலத்தில் போய்விடலாம். படகுகளும் இந்தத் துறைக்குத்தான் அதிகம், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது சீக்கிரம் வரும். முதல்முறை போகிறவர்கள் இதையே எடுக்கலாம். செகுபாங் மேற்கு மூலையில் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலை இருந்தால் மட்டும் போங்கள். நொங்சாபுரா வடகிழக்கில், கடற்கரை விடுதிக்காரர்களுக்கானது. அங்கிருந்து நகோயா தொலைவு.

பிந்தானில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லகோய் பகுதியின் கடற்கரை விடுதிகளுக்கு பண்டார் பெந்தான் தெலானி துறை, ஊரைப் பார்க்க தஞ்சோங் பினாங் துறை. இரண்டும் ஒரே தீவில் இருந்தாலும் இடையே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து, ஏறும் இடம். சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் முனையத்திலிருந்து பாத்தாம் சென்டர், ஹார்பர் பே, செகுபாங் மூன்றுக்கும் படகு உண்டு. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் வடகிழக்கு எம்ஆர்டி (நகர ரயில்) தடத்தில் மாறாமல் அங்கே போகலாம். நொங்சாபுராவுக்கும் பிந்தானுக்கும் தானா மேரா முனையம். பாத்தாம் சென்டருக்கும் அங்கிருந்து படகுகள் உண்டு. சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இதுதான் பக்கம். ஆனால் வாசலில் எம்ஆர்டி கிடையாது. 35-ம் எண் பேருந்து அல்லது டாக்சி. லகோய்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், தஞ்சோங் பினாங்குக்கு இரண்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பிந்தான் தடம் நன்றாகவே ஆடும். அந்தப் பக்கம் தென்சீனக் கடலுக்குத் திறந்து கிடக்கிறது. குமட்டல் வரும் உடம்பென்றால் அந்த மாதங்களில் ஹார்பர்ஃபிரண்ட் தடமே மேல். எதில் போனாலும் கீழ்த்தளத்தில், நடுவுக்குப் பின்னால் உட்காருங்கள். மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை, அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, திரும்பி வருவது. இந்தத் தீவுகள் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியவை. டிக்கெட்டில் இருப்பது புறப்படும் இடத்தின் நேரம். பாத்தாமில் மாலை 6 மணிப் படகு என்றால் சிங்கப்பூரில் அப்போது 7. கரையோரம் நிற்கும்போது கைப்பேசி சிங்கப்பூர் சிக்னலைப் பிடித்து நேரத்தை மாற்றிக் காட்டுவதும் உண்டு, சுவர்க் கடிகாரத்தை நம்புங்கள். திரும்பும் டிக்கெட்டை வாங்கும்போதே மூன்று கேள்விகள்: வேறு நேரத்துக்கு மாற்றலாமா, வேறு துறையிலிருந்து ஏறலாமா, முனையக் கட்டணம் விலையில் சேர்ந்ததா? ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டை இன்னொன்றின் படகில் ஏற்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஞாயிறு மாலையில் நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் துறைக்குப் போவது வீண் வம்பு. இரு பக்கமும் குடிநுழைவு வரிசை இருப்பதால் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா கிடைக்கும்: 30 நாள், 5,00,000 ரூப்பியா. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலாவாக சிங்கப்பூர் வந்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா? ஒருமுறைதான் என்றால் பாத்தாமிலிருந்து திரும்ப முடியாது. திரும்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

பாத்தாமில் சிகரெட் மலிவு என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது. மதுவுக்குச் சலுகை வேண்டுமென்றால் வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மற்ற பொருட்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு, ஆனால் வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.