பழைய சஸ்பென்ஷன் ஃபோர்க்கைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990களில் வந்த மவுண்டன் பைக் சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை உள்வாங்கும் இருகால் கவைகள்) இன்று கைக்குக் கிடைக்கும்போது, மேல்மூடியோ, உள்ளே வில்லாகச் செயல்பட்ட எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பொருள்) அடுக்கோ, இரு கால்களையும் இணைக்கும் பிரேக் வளைவோ இல்லாமல் வருவது வழக்கம். காணாமற்போன உறுப்பின் அளவை எஞ்சிய உறுப்புகளிலிருந்தே கண்டறிய வேண்டியிருப்பதால், எதையும் அளந்து குறித்துக்கொள்ளாமல் கழற்றித் துடைத்துவிடுவதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுவே.

எலாஸ்டோமர் விஷயத்தில் இது கூடுதலாகப் பொருந்தும். அந்தப் பாலியூரித்தேன் துண்டுகள் காலப்போக்கில் பிசுபிசுத்துப்போகும் அல்லது உதிரும். அருவருப்பில் பலர் அவற்றைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். ஒரு காலில் மட்டும் அடுக்கு பிழைத்திருந்தாலும், அதன் மொத்த நீளம், விட்டம், துண்டுகளின் எண்ணிக்கை, இடையிலுள்ள வாஷர்களின் வரிசை ஆகியவற்றைப் படமெடுத்து எழுதி வைத்துவிட்டே அதைத் தொட வேண்டும். மாற்றாகக் கையில் கிடைத்த ரப்பரை வெட்டிப் போடுவது பயன் தராது: அது கடினமாக இருந்தால் ஃபோர்க் அசையாது, மென்மையாக இருந்தால் அழுந்தும்போது பக்கவாட்டில் புடைத்துக் குழாயில் இறுகும். சுருள்வில் நல்ல மாற்றுதான். ஆனால் எலாஸ்டோமர் அதிர்வின் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சியது, வில் அவ்வாறு உறிஞ்சாது என்பதால், தனி டேம்பர் (அசைவின் வேகத்தைத் தணிக்கும் அமைப்பு) இல்லாத ஃபோர்க் வேகமாகத் திரும்பி எகிறும்.

மாடலின் பெயரை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்குவதும் வீண் செலவே. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் மேக் 21-இல் உட்குழாய் (கீழ்க்காலுக்குள் நுழைந்து நகரும் மேற்குழாய்) 25.4 மி.மீ. விட்டம் கொண்டது, பின்னர் வந்த ஜூடியில் அது 28 மி.மீ. ஸ்டியரர் குழாயும் (ஃபோர்க்கை ஹேண்டில்பாருடன் இணைக்கும் குழாய்) 25.4, 28.6, 31.8 மி.மீ. என்று மூன்று அளவுகளில், மரையுடனும் மரையின்றியும் விற்கப்பட்டது. ஆகவே வெர்னியர் காலிப்பரால் அளந்த எண்களைக் கொண்டே தேட வேண்டும். சீல் (எண்ணெய் கசியாமலும் தூசி புகாமலும் தடுக்கும் வளையம்) என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் தேவை.

காற்றும் எண்ணெயும் கொண்ட ஃபோர்க்கில், காற்றை முழுவதும் வெளியேற்றாமல் மேல்மூடியைத் திருகுவது ஆபத்தானது. மூடி முகத்தை நோக்கிப் பாயக்கூடும்.

சுத்தம் செய்யும் ஆர்வத்தில் உட்குழாயை உப்புத்தாளால் தேய்ப்பவர்களும் உண்டு. அலுமினியக் குழாயின் கடினமான அனோடைஸ் பூச்சு ஒருமுறை போய்விட்டால் வீட்டில் அதை மீட்க வழியில்லை, சீலும் புஷ்ஷும் (குழாய் வழுக்கி நகர உதவும் உள்வளையம்) விரைவில் தேயும். கீழ்க்கால்கள் மக்னீசியத்தால் ஆனவையாக இருந்தால், அமிலம் கலந்த துருநீக்கி அவற்றையே அரித்துவிடும்.

போல்ட்டால் பொருத்தப்படும் பிரேக் வளைவை அலங்காரமாக நினைத்து, அது இல்லாமலே ஓட்டிப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. அது இல்லாவிட்டால் இரு கால்களும் தனித்தனியே முறுக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது விசை முழுவதும் மெல்லிய உட்குழாய்களின் மேல் விழும். அளவு பொருந்தும் வளைவு கிடைக்கும்வரை அந்த ஃபோர்க் சாலைக்கு வரக் கூடாது. கிரவுனும் (இரு கால்களையும் மேலே இணைக்கும் பகுதி) ஸ்டியரர் குழாயும் சேரும் இடத்தில் முடியளவு விரிசல் தெரிந்தாலோ, உதிரிபாகங்கள் எத்தனை கிடைத்தாலும் அதைக் காட்சிக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விரிசலைப் பற்றவைத்து ஓட்டலாம் என்ற யோசனைக்கு இடம் கொடுக்கக் கூடாது.