கார் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் பழைய வேகன் ஆருக்கும் அக்வாவுக்கும் கூட விலை ஏறிவிட்டது. இருக்கிற வாகனத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்று கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் அலாரமும், தூரத்திலிருந்தே எஞ்சினை ஓட வைக்கும் ரிமோட் ஸ்டார்ட்டும் பூட்டுகிறோம். நல்ல யோசனைதான். ஆனால் விலையைக் கேட்கிறோம், ரிமோட்டைக் கையில் பிடித்துப் பார்க்கிறோம். அது காரோடு எப்படி இணைக்கப்படப்போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. பின்னால் வரும் தலைவலிகள் பெரும்பாலும் அந்த இணைப்பிலிருந்துதான் வருகின்றன.

இருப்பதிலேயே மோசமான தவறு திறப்பு விஷயத்தில் நடக்கிறது. இம்மொபிலைசர் உள்ள காரில் திறப்பின் தலைப்பகுதிக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். திறப்பு போடும் இடத்தைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பின் இலக்கத்தை வாசிக்கும்; இலக்கம் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். ரிமோட்டில் ஸ்டார்ட் பண்ணும்போது திறப்பு உங்களிடம் மூன்றாம் மாடியில், கார் கீழே. அப்போது அந்த இலக்கத்தை யார் கொடுப்பது? அதற்கென்று பைபாஸ் மொடியூல் இருக்கிறது. ரிமோட்டிலிருந்து கட்டளை வரும் நேரத்துக்கு மட்டும் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிவிடும். செலவைக் குறைக்க வேண்டுமென்று சிலர் உங்கள் இரண்டாவது திறப்பையே வாங்கி, டாஷ்போர்டுக்குள் அந்த வளையத்துக்குப் பக்கத்தில் டேப் சுற்றி ஒட்டிவிடுவார்கள். கார் உடனே ஸ்டார்ட் ஆகும், நாமும் சந்தோஷமாக வீட்டுக்கு வருவோம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் காருக்கு இம்மொபிலைசர் இல்லை. சிப் இல்லாத வெறும் இரும்புத் திறப்பு வெட்டியவனும், திறப்புத் துவாரத்தை உடைத்தவனும் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். திருட்டுக்குப் பயந்து பூட்டிய சாமான் திருடனுக்கே வழிவிடுகிறது.

ஆகவே காரை விடுவதற்கு முன்பே, "பாஸ், இதுக்கு என்னுடைய ரெண்டாவது திறப்பு தேவையா?" என்று கேளுங்கள். தேவை என்றால், அது எங்கே, எப்படி இருக்கப்போகிறது என்று விளக்கம் கேளுங்கள். வேலை முடிந்ததும் நீங்களே பரிசோதிக்கலாம். திறப்பின் தலையைச் சமையலறை அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றி, காரை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அலாரம் பூட்டுவதற்கு முன் இப்படிச் செய்தபோது ஓடாத கார் இப்போது ஓடுகிறது என்றால், உள்ளே ஒரு சிப் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. புஷ் ஸ்டார்ட் காரென்றால் திறப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்து பொத்தானை அழுத்துங்கள். ஓடவே கூடாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் கார் 'ரெடி' நிலைக்கு வரும், அவ்வளவுதான். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற ரிமோட் ஸ்டார்ட்டின் ஸ்டார்ட்டர் வயரை இதில் கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. அந்த மாடலுக்கென்றே செய்த மொடியூல் இல்லையென்றால் அலாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கியர் காருக்கு ரிமோட் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நிறுத்தும்போது கியரில் போட்டு வைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த நிலையில் எஞ்சின் சுழன்றால் கார் முன்னால் பாயும். எதிரே பிள்ளைகள் நிற்கலாம். நியூட்ரலில் விட்டு இறங்கியதை உறுதிப்படுத்தும் முறை சில சிஸ்டங்களில் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஓட்டுகிற எல்லோரும் ஒவ்வொரு தடவையும் அதைச் சரியாகச் செய்வார்களா?

அப்புறம் பற்றரி. நிறுத்தி வைத்த கார் இழுக்கிற கரண்ட் 50 மில்லி அம்பியருக்குள் இருப்பது வழக்கம். மட்டமான அலாரமோ பிழையான இணைப்போ இதை 200 ஆக்கிவிட்டால் ஒரு நாளைக்கு 4.8 அம்பியர் மணி போகும். 35 அம்பியர் மணிப் பற்றரி ஒரு கிழமையில் காலி. ஊருக்குப் போய் யாழ்ப்பாணத்தில் பத்து நாள் நின்றுவிட்டு வந்தால் ரிமோட்டில் கதவு கூடத் திறக்காது. ஹைபிரிட்டில் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் கார் 'ரெடி' ஆகாது. பூட்டியபின் காரை அரை மணி நேரம் அசையாமல் விட்டு, மல்டிமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வயரிங் பாஸ் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

வயரை ஈயத்தால் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுவதுதான் நிலைக்கும். வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடலோரத்தில் வெறும் டேப் சுற்றிய முறுக்கல் உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். சைரனின் வாய் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கும். எஞ்சினை முடக்கும் ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் வைக்கச் சொல்லுங்கள். எரிபொருள் பம்பின் வயரில் வைத்த மட்டமான ரிலே தெற்கு அதிவேகப் பாதையில் பழுதானால், ஓடிக்கொண்டிருக்கும் கார் அப்படியே செத்துவிடும். பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகலாம். சிம் போட்டு இயக்கும் சிஸ்டம் வாங்குகிறவர்கள் 123456 போன்ற கம்பனிக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

அதிர்வு சென்சரை உச்சத்தில் வைப்பதும் பயனில்லை. காலி வீதி பஸ்ஸுக்கும், ஒக்டோபர் இடிக்கும், தீபாவளி வெடிக்கும் அலறுகிற காரை அயலவர்கள் கொஞ்ச நாளில் கவனிக்கமாட்டார்கள். உண்மையிலேயே திருடன் வந்து சைட் மிரரைக் கழற்றுகிறபோதும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். சின்ன அதிர்வுக்கு ஒரு கீச்சொலி, பலத்த அடிக்கு முழுச் சைரன் என்று இரண்டு படியில் இயங்குவதை வாங்குங்கள்.

தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ரிமோட் ஸ்டார்ட்டைத் தொடவே வேண்டாம். ஏசி குளிரட்டும் என்று பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால், காற்று வெளியேற வழியில்லாத இடத்தில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளியில் நிறுத்துகிறவர்களும் தானாக நிற்கும் நேரத்தைக் குறைத்து வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஒரு கிலோமீட்டர் தூரம் வெட்டவெளிக் கணக்கு, கொங்கிரீட் சுவர்களுக்குள் செல்லாது. ஆகவே எஞ்சின் ஓடுகிறதா, நின்றதா என்று திருப்பிச் சொல்லும் இருவழி ரிமோட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

காரை எடுக்கும்போது அலாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் வாலே சுவிட்ச் எங்கே ஒளித்திருக்கிறது, அவசர பின் இலக்கம் என்ன, எந்த வயர் எதோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ரிமோட் தொலைந்த இரவிலும், வேறொரு கராஜில் வயரிங் பார்க்கிற அன்றும் அந்தத் தாள்தான் உதவும்.