மவுண்டன் பைக்கின் பின்பக்க ஏர் ஷாக்கில் பலரும் செய்யும் தவறுகள்

"அவன் வண்டியில 180 பிஎஸ்ஐ, அதனால எனக்கும் 180." தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரின் காஸ்கேட்ஸ் மவுண்டன் பைக் பார்க் பக்கம் போனால், பின்பக்க ஏர் ஷாக்கில், அதாவது காற்று அடைத்த அதிர்வுதாங்கியில், ஏற்றும் காற்றழுத்தத்தைப் பற்றி இதை அடிக்கடி கேட்கலாம். ஒவ்வொரு பிரேமும் ஷாக்கை வேறு மாதிரி அழுத்தும், அதனால் ஒரே எடை உள்ள இரண்டு பேருக்குக்கூட ஒரே காற்று சரிப்படாது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். இதைத்தான் சேக் என்கிறோம், காட்டுப் பாதைகளில் ஓட்டும் டிரெயில் வண்டிக்குப் பொதுவாக 25 முதல் 30 சதவீதம். அதுவும் ஷாக்கின் ஸ்ட்ரோக்கில் (ஷாக் முழுதாக அழுந்தும் தூரம்), சக்கரத்தின் டிராவலில் (சக்கரம் மேலே நகரும் தூரம்) இல்லை. 55 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 30 சதவீதத்துக்கு ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் 16.5 மி.மீ.யில் நிற்க வேண்டும். ஹெல்மெட், ஷூ, நிரப்பிய தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும், ஷாக்கை இறுக்கும் லீவரை 'ஓப்பன்' நிலையில் வைத்து அளந்து பாருங்கள்.

காற்றை ஒரே மூச்சில் அடிப்பது அடுத்த தவறு. உள்ளே நெகட்டிவ் சேம்பர் என்று இன்னொரு அறை இருக்கிறது, ஷாக் கொஞ்சம் இறங்கினால்தான் காற்று அதற்குள் போகும். எனவே 50 பிஎஸ்ஐ ஏற்றியதும் நிறுத்தி, சீட்டை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் பம்ப் ஹோஸில் இருந்த காற்று. ஆனால் செக் பண்ணலாம் என்று திரும்ப மாட்டினால் ஷாக்கின் காற்று ஹோஸை நிரப்பப் போய்விடும், கேஜ் குறைவாகக் காட்டும். ஷாக் லீக் ஆகிறது என்று முடிவு கட்டுவது அங்கேதான்.

டர்பன் வெயிலில் 200 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு இங்கே குளிர்காலமான ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போனால், வெப்பம் 20 டிகிரி குறைவதற்கே சுமார் 14 பிஎஸ்ஐ இறங்கிவிடும். உயரத்தால் வரும் மாற்றம் அதைவிட ரொம்பக் குறைவு. அங்கே போய் அளந்துகொள்ளுங்கள்.

சேக் சரியாக இருந்தும் ஷாக் அடிக்கடி கடைசி வரை போய் இடித்தால், காற்றை ஏற்றாமல் வால்யூம் ஸ்பேசர் (காற்று அறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) ஒன்று போடுங்கள். காற்றை மாற்றினால் ரீபவுண்டையும், அதாவது அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்தையும், மாற்ற வேண்டும், காற்று கூடினால் அந்த வேகத்தைத் தடுக்கும் ரீபவுண்ட் டேம்பிங்கும் கொஞ்சம் கூட வேண்டும்.

சர்வீஸ் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. மழைக்கு அப்புறம் பிரஷர் வாஷரை நேராக ஷாக் சீலில் பிடித்து, செம்மண்ணை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பிறகு பளபளப்புக்காக டபிள்யூடி-40 வேறு, அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். ஈரத்துணி போதும். ஏர் கேன் (காற்று அடைபடும் வெளி உறை) சர்வீஸுக்கு ஷாக் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, சீல் கிட்டும் சஸ்பென்ஷன் கிரீஸும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

ஆனால் ஏர் கேனைத் திருகுவதற்கு முன் காற்று முழுவதையும் இறக்கியே ஆக வேண்டும். காற்றை இறக்கியதும் ஷாக் சுருங்கி, நீளாமல் அப்படியே நின்றுவிட்டால், நெகட்டிவ் சேம்பரில் காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் திறக்கவே கூடாது, கேன் வெடித்துப் பறந்து முகத்தில் அடிக்கலாம். ஷாக்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், நைட்ரஜன் அடைத்த டேம்பரும் அப்படித்தான். இரண்டையும் சஸ்பென்ஷன் வேலை தெரிந்த கடையில் கொடுத்துவிடுங்கள்.