“அதான் நல்லா இருக்கேனே!”

அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு, யார் எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்துவிடும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாதாமாதம் வரும் பெரியவர் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று அவருக்கு இரண்டு மாத்திரை எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் இரண்டையும் வாங்கினார். நாலாவது மாதம் சீட்டை நீட்டி, ஒன்றின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

“இந்த ரோஸ் மாத்திரை வேண்டாம் தம்பி. தின்னாலும் ஒண்ணும் தெரியல, தின்னாட்டாலும் ஒண்ணும் தெரியல. படபடப்புக்கு உள்ளதை மட்டும் குடு. அதான் நல்லா இருக்கேனே!”

அவர் மறைத்தது ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான். பக்கவாதம் வராமல் தடுப்பது அதுதான். படபடப்பு மாத்திரை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே.

இந்த நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இடது மேலறையோடு ஒட்டி ஒரு சின்னப் பை உண்டு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறுத்திய பிறகு பள்ளங்களில் தேங்கியது பாசி பிடிக்குமே, அதுபோல அந்தப் பையில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகும். கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு வரை கூட. சிலருக்குப் படபடப்பே இருக்காது. வீட்டு பிபி மெஷினில் துடிப்பு ஒழுங்கில்லை என்று ஒரு சின்னக் குறி திரும்பத் திரும்ப வந்தால், மெஷினைத் திட்டாமல் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

துடிப்பு சரியாகிவிட்டது என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. அது வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் வயது, பிபி, சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவைதான் முடிவு செய்கின்றன. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் துடிப்பை ஒழுங்குபடுத்தும் சிகிச்சையைத் தொடங்கினால் பக்கவாதமும் இதயச் சாவும் குறைகின்றன என்று 2020-ல் ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் ரத்தம் உறையாத மாத்திரையைத் தின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

அடுத்தது ஆஸ்பிரின். “அதுவும் ரத்தத்தை இளக்குறதுதானே, அதைக் குடுங்க, விலை கம்மி” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். 2011-ல் வெளிவந்த அவெரோஸ் ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் ஒத்துவராத சுமார் 5,600 பேரில் பாதிப்பேருக்கு ஆஸ்பிரினும் பாதிப்பேருக்கு அபிக்ஸபானும் கொடுத்தார்கள். பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ ஆஸ்பிரின்காரர்களுக்கு ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபான்காரர்களுக்கு 1.6 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்பிரின் ‘பாதுகாப்பானது’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. என் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை!

சரி, இரண்டையும் சேர்த்துத் தின்றால்? முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் பழைய ஆஸ்பிரினை விடாமல் தொடர்வார்கள். ஜப்பானில் நடந்த ஆய்வொன்றில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு இதய ரத்தக்குழாய் அடைப்பும் நிலையாக இருந்தவர்களுக்கு, அபிக்ஸபான் போன்ற ரிவரோக்சபான் மட்டும் போதும் என்று 2019-ல் தெரிந்தது. கூட ஆஸ்பிரின் வகை மாத்திரையும் தின்றவர்களில் சாவு அதிகம் என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் விட வேண்டாம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிவிட்டதென்றால், “ஆஸ்பிரின் இன்னும் வேணுமா?” என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

விலைக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தின்பது வீண். அபிக்ஸபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான் ஆகிய புது மாத்திரைகளின் வேலை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். இப்போது பல கம்பெனிகள் போடுவதால் மலிவானதும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராமை வெறும் வயிற்றில் போடக் கூடாது, முழுசாக உடம்பில் சேராது. டாபிகட்ரான் கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் குடிக்கவும் கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்கும்போது, வேறு என்ன மாத்திரை தின்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் புது மாத்திரை ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கம் நிறைய. புது மாத்திரை தின்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை இல்லையே, எனக்கும் அதையே மாற்றித் தாருங்கள் என்று அவர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் 24 நாடுகளில், நம் நாட்டிலும், சுமார் 4,500 பேரிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வந்தபோது டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். வாதக்காய்ச்சலால் இதயம் கெட்டவர்களில், ரிவரோக்சபான் தின்றவர்களைவிட வார்ஃபரின் வகை தின்றவர்களிடம் சாவு குறைவு. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய மாத்திரைதான்.

அந்தப் பழைய மாத்திரைக்குப் பயந்து கீரையையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முருங்கைக்கீரை இல்லாமல் என்ன கூட்டாஞ்சோறு? ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஆட்டும். எப்போதும் தின்கிற அளவையே தின்றுவாருங்கள், சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போங்கள். புது மாத்திரைக்குக் கீரைக் கணக்கே இல்லை.

இந்த நோயால் பக்கவாதம் வந்தவருக்கு ரத்தம் உறையாத மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. பெரிதாக அடித்திருந்தால் இரண்டு வாரம் வரைகூடப் பொறுப்பது பழைய வழக்கம். 2023-ல் வந்த எலான் ஆய்வில் லேசான, நடுத்தரப் பாதிப்புக்கு 48 மணி நேரத்துக்குள்ளும், பெரிய பாதிப்புக்கு ஆறாம் ஏழாம் நாளிலும் தொடங்கிப் பார்த்தார்கள். மூளைக்குள் கசிவு கூடவில்லை. ஆகவே ஸ்கேன் பார்த்த டாக்டர் சீக்கிரம் தொடங்கச் சொன்னால், “இப்பவேவா?” என்று வீட்டில் ஒளித்துவைக்காதீர்கள்.

வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ புறா ரத்தம் தேடி ஓட வேண்டாம். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், ஆஸ்பிரினும் கூடாது. வந்திருப்பது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அம்பையிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகிறது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குத் தின்றார் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள். ஊசி போடலாமா கூடாதா என்பது அந்தப் பதிலையும் பொறுத்தது.